கன்னத்தில் ஒதுக்கிய அதிமதுரம்

நான் வேலை பார்த்த லேபில் இப்போதும் என் பெயர் ‘வாயில என்ன அக்கா’தான். நான் ஓய்வு பெற்றேனே தவிர அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், என்னிடம் வேலை கற்றுக்கொண்ட நிவேதா எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுக்க வருகிற எல்லோரிடமும் வாயில் என்ன என்று ஏன் கேட்டீர்கள், வெறும் வயிற்றில் எடுக்கிற டெஸ்ட்டுக்குக் கேட்டால் சரி, கால் பிசகி வந்தவரையும் விடாமல் கேட்டீர்களே என்று அங்கேயே பிடித்துக்கொண்டாள். ரசம் வந்துகொண்டிருந்தது. பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றாள். அவள் நச்சரிப்புத் தாங்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே லேப் பொறுப்பாளராகி, அங்கேயே மாலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். ஆள் கொஞ்சம் பருமன். கொஞ்சம் என்பது என் கணக்கு. என் தங்கையைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வாள். நான் எழுதப் போவது உடம்பு பெருப்பதைப் பற்றி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மதுரையில் படித்த படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், பாஸ் ஆனேன். வேலையைக் கற்றுக்கொண்டது இங்கே வந்த பிறகுதான். அப்போது லேபில் பெரியவராக இருந்த தங்கையா சார், புதிதாக வந்தவர்கள் நோயாளியின் கையைத் தொடும் முன்னால் தன் கையில் குத்திப் பழக வேண்டும் என்பார். அவர் கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். அதையே நாங்கள் தவறவிட்டோம். திட்ட மாட்டார். “ம், அடுத்த ஆளு” என்பார். மாலையில் அவர் கையைப் பார்த்தால் எங்களுக்கே பாவமாக இருக்கும்.

ரத்தத்தில் உப்புச் சத்து அளப்பதற்கு அந்தக் காலத்தில் சுடர் எரிகிற மெஷின் வைத்திருந்தோம். ரத்தத்திலிருந்து பிரித்த நீரைச் சுடரில் தெளித்தால் நிறம் மாறும். சோடியம் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் இளம் ஊதாவாக எரியும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து மெஷின் அளவைச் சொல்லும். கல்லூரியில் வெளியூர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டு விழித்தார்கள். எனக்கு அது மத்தாப்பு, அவ்வளவுதான். எந்த உப்பைப் போட்டால் எந்த நிறம் வரும் என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலே பதில் கிடைக்கும். பட்டாசில் போடுகிற வெடியுப்பிலும் இந்தப் பொட்டாசியம்தான் இருக்கிறது.

எங்கள் வேலையில் பொட்டாசியத்தைப் போல முணுக்கென்றால் கோபித்துக்கொள்கிற சமாச்சாரம் வேறு இல்லை. கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அளவு கூடிவிடும். நோயாளியை விரல் மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால் கூடிவிடும். குழாயைக் குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்து இன்னும் கூடிவிடும். நாம் செய்கிற தப்பெல்லாம் அநேகமாக அதைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டுவது அபூர்வம். அதனால் பொட்டாசியம் அதிகமாக வந்தால் முதலில் என் கையைச் சந்தேகப்படுவேன், குறைவாக வந்தால் எழுந்து போய் நோயாளியின் முகத்தைப் பார்ப்பேன். நிவேதாவுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது.

டாக்டர் வசந்தி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் லேப் பொறுப்பாளர். அவர் ஹார்மோன் டாக்டர். புதன்கிழமை தோறும் உடல் பருமனுக்கென்று தனியாக ஓ.பி. ஆரம்பித்தார். முதல் வாரமே அவர் செய்த காரியம், வரவேற்பில் கிடந்த எடை மெஷினைத் தூக்கித் தன் அறையில் திரைக்குப் பின்னால் வைத்தது. அதுவரை ஒரு அட்டெண்டர் ஒவ்வொருவரையும் ஏற்றி நிறுத்தி, எத்தனை கிலோ என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி ஏலம் விடுவார். அந்த ஏலத்துக்குப் பயந்து நானே அந்தப் பக்கம் போனதில்லை.

முதல் தடவை வருகிறவரிடம் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லவே மாட்டார். தூக்கம் எப்படி, வேலை எப்படி, வீட்டில் யார் அதிகம் சத்தம் போடுவார்கள் என்று ஊர்க்கதை கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார். அப்புறம் மருந்து. மாத்திரை உண்டா என்பார், இல்லை என்பார்கள். ஊசி? இல்லை. முகத்துக்குக் கிரீம், மூட்டுவலிக்குப் பொடி, யாரோ கொடுத்த சத்து லேகியம்? யோசித்துவிட்டு ஆமாம் என்பார்கள். சில பொடிகளிலும் கிரீம்களிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதுவே உடம்பை ஊத வைக்கும் என்பதால் அவர் விடமாட்டார். அடுத்த வாரம் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லி, மேஜையில் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகூடப் பார்ப்பார். இவ்வளவுக்கும் அவர் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு டப்பா நிறையச் சாத்தூர்க் காராச்சேவு இருக்கும். பருமன் டாக்டர் காராச்சேவு தின்னலாமா என்று நான் ஒருநாள் கேட்டேன். நோயாளி பார்க்காதபோது தின்னலாம் என்றார்.

அப்படி ஒரு புதன்கிழமை வந்தவள்தான் முத்துமாரி. அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிற வேலை. ஒரு ரூமில் நாலு பேர் இருப்பார்கள், அதில் இவள்தான் மூத்தவள். மற்ற மூவரும் எப்படி உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும், எதைத் தரையில் இழுக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். முகம் உப்பியிருந்தது, கால் வீங்கியிருந்தது. எங்கள் வாசலில் இருப்பதே மூன்று படி. அதில் இரண்டாவது படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தப் போன என்னைப் பார்த்து அந்த நிலையிலும் சிரித்தாள்.

“யக்கா, பட்டினி கிடந்தும் பாத்துட்டேன். காத்தைக் குடிச்சாலும் ஊதுது இந்த ஒடம்பு” என்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது. நானும் அதே காற்றைக் குடித்துத்தான் ஊதியிருந்தேன்.

ஆனால் விஷயம் சிரிப்பதாக இல்லை. இரண்டு விதமான மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் உச்சியில் இருந்தது. டாக்டர் காலில் கட்டைவிரலால் அழுத்தினார், விழுந்த குழி நிரம்ப வெகுநேரம் ஆயிற்று. கம்பெனியில் இரண்டு தடவை கால் மடங்கி விழுந்திருக்கிறாள். வெடிமருந்து கிடக்கிற ரூமில் ஒரு ஆள் தடுமாறி விழுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர்மேன் அவளைத் திரி ரூமிலிருந்து எடுத்து லேபிள் ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார். அவள் டாக்டரிடம் கேட்டது மெலிவதற்கு வழியே இல்லை. தன் ரூமுக்குத் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்தேன். பட்டையை லேசாகக் கட்டி, ஊசி உள்ளே போனதும் தளர்த்தி, குழாயைக் குலுக்காமல் மெதுவாகச் சாய்த்து, எல்லாம் முறைப்படி. பொட்டாசியம் பாதாளத்தில் இருந்தது. நான் எழுந்து போய் அவள் முகத்தைப் பார்த்தேன். மறு கையில் எடுத்து மறுபடி மெஷினில் போட்டேன். அதே அளவு. எழுதி அனுப்ப நேரமில்லை என்று டாக்டர் அறைக்கு நானே போனேன். பொட்டாசியம் அவ்வளவு குறைந்தால் காலில் தெம்பு போவது மட்டுமில்லை, இதயத் துடிப்பே தடம் மாறும். அன்றைக்கே வார்டில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். தேறியதும் பொட்டாசியம் சிரப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சிரப்பைக் குடித்துவிட்டு அவள் காட்டிய முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

காரணம் பிடிபடவில்லை. உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கிற ஹார்மோன் ஒன்று உண்டு, அது மிஞ்சினால் இப்படி ஆகும். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பார்த்தால் அது இருக்கிற இடமே தெரியவில்லை. கார்டிசால் என்று இன்னொன்று, மனசும் உடம்பும் நெருக்கடியில் இருக்கும்போது சுரப்பது. அது மிஞ்சினாலும் முகம் உப்பும், வயிறு பெருக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதுவும் ரத்தத்தில் சரியாகவே இருந்தது. திருடன் வந்து போன அடையாளம் எல்லாம் இருக்கிறது, திருடனைத்தான் காணோம் என்று டாக்டர் புலம்பினார்.

மருந்துப் பையைக் கொட்டச் சொல்லியும் பார்த்தாயிற்று. முத்துமாரி கொண்டுவந்த பையில் தலைவலித் தைலமும் நாங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையும்தான் இருந்தன.

கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தின் தலையில் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியில், இடது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. மதுரை சர்ஜன் பார்த்துவிட்டு, இதுதான் காரணமாக இருக்கும், எடுத்துவிடலாம் என்றார். டாக்டர் வசந்திக்கு மனசு ஒப்பவில்லை. கட்டிதான் காரணம் என்றால் அது ஏதாவது ஒரு ஹார்மோனை அதிகமாகச் சுரந்திருக்க வேண்டுமே, எல்லா அளவும் அடங்கித்தானே இருக்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் சிரப் குடித்தும் பொட்டாசியம் இறங்கிக்கொண்டே போனது. ஒன்றும் செய்யாமல் காத்திருக்கவும் முடியாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

முத்துமாரி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினாள். கத்தி வைத்த உடம்பைத் திரி ரூமுக்குள் விடமாட்டார்கள் என்பது அவள் பயம். அந்த ரூமில் இப்போது இருக்கிற மூன்று பிள்ளைகளும் அவள் கை பார்த்துத் தொழில் பழகியவர்கள். தான் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு ஒன்று என்றால் என்ன செய்வது என்று கேட்டாள். நான் ஆறுதலுக்கு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, அவ்வளவு லட்சணமான ஆறுதல்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டெஸ்ட் பாக்கி என்று டாக்டர் சொன்னார். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்து, தூரத்தில் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். நான் அவளிடம் பெரிய கேனைக் கொடுத்து விளக்கினேன். காலையில் எழுந்ததும் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்த்து, மறுநாள் காலை முதலில் போவதையும் சேர்த்து மூட வேண்டும். கம்பெனியில் இது நடக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளச் சொன்னேன். திங்கட்கிழமை கேன் அரைகுறையாக வந்தது. விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இருக்கன்குடி போயிருக்கிறாள்.

“கோயிலுக்குப் போறப்ப இதையுமா தூக்கிட்டுப் போவாக?” என்று என்னையே கேட்டாள்.

அது நியாயம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு கேன் கொடுத்தேன். இந்தத் தடவை முறைப்படி நிறைந்து வந்தது. கேனை வாங்கி அளந்துகொண்டிருந்தபோது எனக்கு இருமல் பிடித்தது. அந்த வாரம் முழுவதும் தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்தது. முத்துமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சளாக ஒரு துண்டு வேரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கடித்து முழுங்கக் கூடாது, கன்னத்தில் ஒதுக்கி வைத்துச் சாற்றை மட்டும் இறக்க வேண்டும் என்று எனக்கும் முறை சொல்லிக் கொடுத்தாள். அதிமதுரம். வாயில் போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அவள் கம்பெனி வேனுக்கு நேரமாகிறதென்று கிளம்பினாள்.

கேனிலிருந்து எடுத்த மாதிரியை அனுப்புவதற்குக் கையெழுத்து வாங்க டாக்டர் அறைக்குப் போனேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே டிராயரை இழுத்துக் காராச்சேவு டப்பாவை என் பக்கம் தள்ளினார். வேண்டாம் டாக்டர், வாயில் ஒன்று கிடக்கிறது என்றேன். என்னது என்றார். அதிமதுரம், முத்துமாரி கொடுத்தாள் என்றேன்.

அவர் கை டப்பாவின் மேலேயே நின்றுவிட்டது.

“துப்புங்க, செல்வராணி.”

விஷம் என்றே நினைத்துவிட்டேன். ஜன்னல் வழியாகத் துப்பினேன். அவள் எங்கே என்றார். வேனுக்குப் போய்விட்டாள் என்றேன். டாக்டர் வசந்தி நடந்துதான் நான் பார்த்திருக்கிறேன். எமர்ஜென்சிக்குக்கூட வேகமாக நடப்பாரே தவிர ஓட மாட்டார். அன்றைக்கு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். என் உடம்போடு நான் ஓடியதை வாட்ச்மேன் பல வருஷம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் முத்துமாரி வேனுக்காக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் போய் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

“வாயில என்ன?” என்றார்.

முத்துமாரி பயந்துபோய் வாயைத் திறந்து காட்டினாள். கன்னத்தில் வேர்.

“நான் எத்தனை தடவை கேட்டேன், மருந்து ஏதாச்சும் எடுக்குறீங்களான்னு?”

“இது மருந்தா டாக்டரம்மா? வேருதான. வெடிமருந்துத் தூசி தொண்டையில ஒட்டாம இருக்க எங்க ரூமுல எல்லாரும் ஒதுக்கிக்கிருவோம்.”

கம்பெனி வாசலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். அதிமதுரம் எந்தச் சோதனையிலும் சிக்காத பொருள். எங்கள் சோதனையிலும் அப்படித்தான். டாக்டர் கொட்டச் சொன்னது பையை. சரக்கு இருந்தது வாயில்.

எவ்வளவு மெல்லுவாய் என்று டாக்டர் கேட்டார். முத்துமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கை நிறைய இருந்தது. மற்றவர்கள் ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்வார்களாம். இவளும் முன்பெல்லாம் அப்படித்தான். உடம்பு பெருக்கிறது என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்ததும், கம்பெனியில் சாயங்காலம் வருகிற வடையை நிறுத்தியிருக்கிறாள். வடைக்குப் பதிலாக வேர். அது இனிப்பாக இருக்கும், பசியும் அடங்கும். பிறகு காலைப் பலகாரத்தையும் நிறுத்தி அதற்கும் வேர். உடம்பு ஊத ஊதச் சாப்பாட்டைக் குறைத்தாள், சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க வேரைக் கூட்டினாள், வேரைக் கூட்டக் கூட்ட இன்னும் ஊதினாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தப் பெண் எவ்வளவு கஷ்டப்பட்டுத் தன்னைத் தானே வீங்க வைத்திருக்கிறாள்.

அவளை மறுபடி அறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்து டாக்டர் விளக்கினார். நான் கேட்ட விளக்கங்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது, அதனால் அப்படியே சொல்கிறேன்.

கார்டிசால் திரி வைத்த வெடி மாதிரி, வேலை செய்யத் தயாராக இருப்பது. அதற்கு ஒரு ஜோடி உண்டு, கார்டிசோன் என்று பெயர். அது திரி இல்லாத வெடி. அது பாட்டுக்குக் கிடக்கும், ஒன்றும் செய்யாது. உடம்பு இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வருகிற வெடியிலெல்லாம் திரியைப் பிடுங்கிவிடுவான். இல்லாவிட்டால் அந்தக் கார்டிசால் அங்கே உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். அதிமதுரத்தில் இருக்கிற சத்து அந்த ஆளின் கையைக் கட்டிவிடுகிறது. ரத்தத்தில் கார்டிசால் கூடவில்லை, ஆனால் சிறுநீரகத்தில் அதன் ஆட்டம் கூடிவிட்டது. ஏறிய எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்.

முத்துமாரி கவனமாகக் கேட்டுவிட்டு, “திரியப் பிடுங்குற வேல எந்தக் கம்பெனியிலயும் கெடையாது டாக்டரம்மா. அது ஆபத்து” என்றாள். உங்கள் உடம்புக் கம்பெனியில் உண்டு என்றார் டாக்டர்.

மதுரை சர்ஜனுக்குப் போன் போட்டார். ஒரு வேர்த்துண்டுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதா என்று அவர் தயங்கியது இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. டாக்டர் சில வாரம் அவகாசம் கேட்டார். பொட்டாசியம் ஏறாவிட்டால் தானே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். போனை வைத்த பிறகு காராச்சேவைத் தொடவில்லை. தன் கணிப்புத் தப்பினால் அந்தப் பெண்ணின் இதயம்தான் விலை கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. நான் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினேன். வேரின் வீரியம் உடம்பிலிருந்து இறங்க நாளாகும் என்று டாக்டர் எனக்குச் சொன்னார். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரியும் இருந்தது. முத்துமாரிக்கு வாய் பரபரத்தது. வெந்நீரையும் கற்கண்டையும் வைத்துச் சமாளித்தாள். அடுத்த வாரம் பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். மறு கையில் எடுத்து இன்னொரு தடவை போட்டேன், அதே அளவு. டாக்டரிடம் ஓடிப்போய்த் தப்பித்தோம் என்று சொல்ல நாக்கு துடித்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டு அளவை மட்டும் எழுதி அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் சந்தேகமே இல்லை. சிரப்பை நிறுத்தினார், அளவு நின்றது. ரத்த அழுத்த மாத்திரையை ஒவ்வொன்றாகக் குறைத்தார், அழுத்தம் ஏறவில்லை. கால் வீக்கம் வற்றி, கொலுசு கழன்று விழுகிற அளவுக்கு ஆனது. அந்தச் சமயத்தில்தான் கேனின் ரிசல்ட்டும் வந்தது. திரி வைத்தது நிறைய, திரி பிடுங்கியது கொஞ்சம். டாக்டர் சொன்னபடியே இருந்தது.

ஆபரேஷன் ரத்தானது. அந்தப் பட்டாணிக் கட்டி ஒரு பாவமும் அறியாதது. பிறகு எடுத்த ஸ்கேன்களிலும் அது பட்டாணியாகவே இருந்தது. தீபாவளிச் சீசன் சூடு பிடிக்கும் முன்னால் முத்துமாரி திரி ரூமுக்குத் திரும்பினாள். ரூமில் இருந்த மற்ற மூன்று பேரையும் டாக்டர் வரச்சொல்லி ரத்தம் பார்த்தார். ஒருத்திக்குப் பொட்டாசியம் ஓரத்தில் நின்றது. அவள் முந்தானை முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னோம்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் முத்துமாரி அடுத்த புதன்கிழமை மறுபடி வந்தாள். தண்ணீர் எடையெல்லாம் போய்விட்டது, ஆனால் வயிறு போகவில்லை. வயிற்றைத் தட்டிக் காட்டி, “மிச்சம் இது எப்பப் போகும்?” என்று கேட்டாள்.

டாக்டர் அவளுக்குப் பொய் சொல்லவில்லை. சிறுநீரகத்தில் திரி பிடுங்குகிறவன் இருக்கிற மாதிரி, கொழுப்புக்குள் திரி வைக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்றார். கொழுப்பு சும்மா கட்டிவைத்த மூட்டை இல்லை, அது தனியாக ஒரு பட்டறை. ரத்தத்தில் சும்மா வருகிற கார்டிசோனைப் பிடித்துத் திரி வைத்துக் கார்டிசால் ஆக்கி, தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும், உள்ளே மட்டும் உற்பத்தி நடக்கும். அதுவும் வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பு அந்தக் கார்டிசாலுக்கு நன்றாகவே வளரும். வளர்ந்த கொழுப்பு இன்னும் திரி வைக்கும். தூக்கம் கெடுவதும், ஓயாத நெருக்கடியும் இதற்குத் துணை போகும். பயந்து பயந்து வேலை பார்ப்பீர்களா என்று கேட்டார்.

முத்துமாரி யோசித்தாள். “பயம்னு இல்ல டாக்டரம்மா. கவனம். எங்கனயாச்சும் தூரத்துல சத்தம் கேட்டா நாலு பேரும் அப்படியே நின்னுருவோம். எந்தப் பக்கம்னு பாத்துட்டு, மறுபடி குனிஞ்சு திரி வைப்போம்.”

பிறகு டாக்டர், உங்கள் வயிறு நீங்கள் ஆசைப்பட்டுத் தின்றதன் கணக்கு மட்டும் இல்லை என்றார். அவளிடம்தான் சொன்னார். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து என் உடம்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் என் தட்டைத்தான் பார்த்தார்கள். ஆளில்லாத மத்தியானத்தில் நான் ரகசியமாக எதையோ தின்கிறேன் என்று என் தங்கை இன்றைக்கும் நம்புகிறாள். என் உடம்புக்குள் என்னைக் கேட்காமல் ஒரு பட்டறை ஓடுகிறது, அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை என்று அந்த வயதில்தான் ஒருவர் சொல்லிக் கேட்டேன். அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். பட்டறைக்குச் சரக்கு யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டாள்.

பட்டறையை இழுத்து மூட முடியாது, சுருக்கலாம் என்பதுதான் டாக்டரின் வைத்தியம். பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுவது, கண் நிறையத் தூங்குவது, நடப்பது. சீசனில் தூக்கமா என்று முத்துமாரி சிரித்தாள். சீசன் முடிந்ததும் ஆரம்பித்தாள். மாயம் எதுவும் நடக்கவில்லை, மெதுவாகக் குறைந்தது. நானும் அவளோடு போட்டி போட்டு நடந்தேன். எனக்கு இன்னும் மெதுவாகக் குறைந்தது. சாயங்கால வடையை மட்டும் அவள் திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தாள், டாக்டர் அனுமதியோடு.

அன்றிலிருந்துதான் எனக்கு அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. கையில் பட்டையைக் கட்டும் முன் வாயில என்ன என்று கேட்பேன். பெரும்பாலும் வெற்றிலை, சூயிங்கம், ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். கேட்டதற்காக ஒரு வக்கீல் என்னிடம் சண்டைக்குக்கூட வந்தார். அதற்காக நான் நிறுத்தவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஆயுத பூஜைக்கு முத்துமாரி தன் கம்பெனிக்குக் கூப்பிட்டாள். அவள் இப்போது ரூமில் இல்லை. பெண்கள் வருகிற கேட்டில் சோதனை போடுகிற பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பூஜைக்குப் போன என்னை வரிசையில் நிறுத்திவிட்டாள். எனக்கு முன்னால் நின்ற பெண்களின் பையைத் துழாவினாள், செல்போனை வாங்கி வைத்தாள், முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியும், சொல்லாமலே வாயைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனாள். கம்பெனி விதியில் அது இல்லை, அவள் சேர்த்தது.

என் முறை வந்தது. நான் யார் என்று தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பையைக் கொடுத்தேன், போனைக் கொடுத்தேன்.

“வாயில என்னக்கா?” என்றாள்.

இத்தனை வருஷம் நான் கேட்ட கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன். கழுத்தை வளைத்து, இந்தக் கன்னம் அந்தக் கன்னம் எல்லாம் பார்த்தாள். அப்புறம் கேட்டைத் திறந்துவிட்டாள்.

“உள்ள போங்க. வடை வந்துருச்சு” என்றாள்.